தென்னந்தோப்பு செயின்சா ஒன்று: ஓட்டும் முன் செய்த சோதனையும் திருத்தமும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. அவற்றை அறுத்து அப்புறப்படுத்தக் கோடாலி போதவில்லை. பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பமான செயின்சாதான் கை கொடுத்தது. அதே வகை வேலை இன்றும் நடக்கிறது. காற்றில் விழுந்த மரம், காய்ப்பு நின்ற மரம், வண்டு துளைத்துப் பட்டுப்போன மரம் என்று தோப்பில் அறுக்க எப்போதும் ஏதாவது இருக்கும். ஆனால் தென்னை மற்ற மரங்களைப் போல் அறுபடுவதில்லை. தண்டின் வெளிவட்டம் இறுகிக் கடினமாக இருக்கும். நடுப்பகுதி மெத்தென்று நாராக இருக்கும். வெளிவட்டம் பல்லை மழுக்கும், நார் உள்ளே போய் அடைக்கும். ஆகவே கையேட்டில் உள்ள பொதுவான சோதனைகளோடு சில இடங்களைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அப்படி வேலை பார்த்த ஒரு ரம்பத்தின் நிலை. 50 சிசி வகை, 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), 0.325 அங்குல பிட்ச் (அடுத்தடுத்த ரிவெட்டுகளின் சராசரி இடைவெளி), 0.058 அங்குல கேஜ் (டிரைவ் லிங்க்கின் தடிமன்), 72 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணி) கொண்ட செயின். வந்த புகார் ஒன்றே ஒன்று: "செயின் நிற்காமல் தொங்குது, மணிக்கு நாலு தடவை டைட் வைக்க வேண்டியிருக்கு." செயினை இறுக்கும் டைட் ஸ்க்ரூ கெட்டிருக்கும், மாற்றினால் சரியாகும் என்பது ஓட்டுபவரின் எண்ணம். ஸ்க்ரூவில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு நாலைந்து இடத்தில் இருந்தது. அவை ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டிருந்தன. செயின் தொங்கியது அவற்றின் வெளி அறிகுறி மட்டுமே.

மூடியைக் கழற்றும் முன்

இன்ஜின் நின்று, சைலன்சர் ஆறி, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிய பிறகே கை வைக்க வேண்டும். சுவிட்ச் ஆஃப்பில் இருந்தால் போதாது. தடித்த கையுறை கட்டாயம். நின்றுபோன செயினும் விரலை அறுக்கும்.

கிளட்ச் மூடியின் இரண்டு நட்டுகளைத் தளர்த்துவதற்கு முன் முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் கைக்காப்பைப் பின்னால், அதாவது முன்கைப்பிடியை நோக்கி, இழுத்து செயின் பிரேக்கை விடுவிக்க வேண்டும். இந்த வகை ரம்பத்தில், கிளட்ச் டிரம்மைச் சுற்றிப் பிடித்துச் செயினை நிறுத்தும் பிரேக் பட்டை மூடிக்குள்ளேயே இருக்கிறது. பிரேக் போட்ட நிலையில் மூடியைக் கழற்றினால் பட்டை சுருங்கிக்கொள்ளும். பிறகு கிளட்ச் டிரம்மின் மேல் மூடி உட்காராது. "மூடி திடீர்னு மாட்ட மாட்டேங்குது" என்று சுத்தியலால் தட்டிப் பார்த்து மூடியை உடைத்தவர்கள் உண்டு. பட்டையை மறுபடி விரிக்க, காப்பின் நெம்புகோலைச் சரியான ஸ்பேனரால் திருப்பினால் போதும். ஆனால் உள்ளே இருப்பது வலுவான ஸ்பிரிங் என்பதால் முகத்தை விலக்கி வைத்துச் செய்ய வேண்டும்.

உள்ளே என்ன இருந்தது

மூடியைக் கழற்றியதும் தெரிந்தது பழுப்பு நார். எண்ணெயோடு பிசைந்து, கம்பளித் துண்டு மாதிரி இறுகி, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றியும் பாரின் அடியிலும் அப்பியிருந்தது. பிரேக் பட்டைக்கும் டிரம்முக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளியிலும் ஒரு படலம். பார் உட்காரும் இடத்தில் ஆயில் வெளிவரும் சிறு துளை, அதற்கு நேராக பாரில் இருக்கும் துளை, இரண்டும் முழுக்க அடைத்திருந்தன.

புகாரின் வேர் இங்கேதான் இருந்தது. துளை அடைத்ததால் பாருக்கு ஆயில் போகவில்லை. வறண்ட செயின் பாரில் உரசிச் சூடேறியது. சூடேறிய இரும்பு நீளும், ஆகவே செயின் தொங்கியது. தொங்கியதைப் பார்த்து, சூட்டோடு சூடாக ஸ்க்ரூவைத் திருகினார்கள். இறுக்கியதால் உரசல் கூடியது, சூடு இன்னும் ஏறியது, செயின் மேலும் நீண்டது. மாலையில் அப்படியே வைத்துவிட்டுப் போனால் ஆறும்போது செயின் சுருங்கி கிராங்க் ஷாஃப்ட்டையும் அதன் பேரிங்கையும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். இந்த ரம்பத்தில் காலையில் கையால் இழுத்தபோது செயின் அசையவே இல்லை. முந்தின நாள் சூட்டில் இறுக்கியதை யாரும் தளர்த்தவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நாரைப் பிரஷ்ஷாலும் மரக்குச்சியாலும் எடுத்தோம். கம்பிரஸர் காற்று அடித்தால் நார் கிளட்ச் பேரிங்குக்குள்ளும் ஆயில் துளைக்குள்ளும் இன்னும் ஆழமாகப் போகும் வாய்ப்பு உண்டு. முதலில் கையால் எடுப்பதே நல்லது. பாரின் பள்ளத்தை மெல்லிய தகட்டால், ஸ்ப்ராக்கெட் பக்கத்திலிருந்து நுனி வரை சுரண்டி எடுக்க வேண்டும்.

ஆயில்

டேங்கில் இருந்தது லாரியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில். நம் ஊரில் இது சர்வ சாதாரணம், இந்தப் பழக்கத்தைக் கைவிட்டாக வேண்டும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. அதில் ஒட்டும் தன்மை போய்விட்டிருக்கும். பார் நுனியில் செயின் வளையும் இடத்தில் சிதறிப் போகும், பாரின் அடிப்பக்கத்துக்கு எதுவும் மிஞ்சாது. கரியும் உலோகத் தூளும் பம்பைத் தேய்க்கும். அது தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய் அபாயம். செயினுக்கென்று விற்கும் ஒட்டும் ஆயில் கிடைக்காத இடத்தில் புதிய எஸ்ஏஇ 30 இன்ஜின் ஆயிலாவது ஊற்றலாம்.

ஆயில் வருகிறதா என்று பார்ப்பது எளிது. வேலை எல்லாம் முடித்து இன்ஜினை ஓட்டும் கட்டத்தில், பார் நுனியை வெள்ளைக் காகிதம் அல்லது வெளிர் நிற அட்டைக்கு 20 செ.மீ. தூரத்தில் பிடித்து, முக்கால் வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டினால் காகிதத்தில் ஆயில் கோடு தெளிவாக விழ வேண்டும். விழாவிட்டால் துளை, பள்ளம், டேங்குக்குள் இருக்கும் ஆயில் ஃபில்டர், கடைசியாகப் பம்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும். பொதுவாக ஒரு டேங்க் பெட்ரோல் தீரும் நேரத்தில் ஆயிலும் ஏறக்குறைய தீர வேண்டும். பெட்ரோல் தீர்ந்தும் ஆயில் டேங்க் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தால் அதுவே எச்சரிக்கை.

ஸ்ப்ராக்கெட்டும் பாரும்

ஸ்ப்ராக்கெட்டில் செயின் பதிந்து தேய்ந்த தடம் 0.5 மி.மீ. ஆழத்தைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும். இதில் தடம் நகம் மாட்டும் அளவுக்கு இருந்தது, அளந்ததில் 0.8 மி.மீ. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் செயின் ஒரே சீராக உட்காராது, குதிக்கும். செயின் தொங்குவதற்கு இது இரண்டாவது காரணம். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்பது நடைமுறைக் கணக்கு. புதுச் செயினைப் பழைய ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் அந்தச் செயினும் சீக்கிரம் கெடும்.

பார் பள்ளத்தின் ஆழம் 0.325 பிட்ச்சுக்குக் குறைந்தது 6 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் டிரைவ் லிங்க்கின் முனை பள்ளத்தின் அடியில் உரசும், செயின் பக்கச் சுவரில் உட்காராது. இந்த பார் தப்பித்தது: நுனிக்குப் பின்னால், அதிகம் தேயும் அடிப்பக்கத்தில், 6.8 மி.மீ. ஓரங்களில் பிசிறு எழும்பியிருந்தது. தட்டை அரத்தால் இரண்டு இழுப்பில் போய்விட்டது. நேரான ஸ்கேலை பாரின் பக்கவாட்டிலும் ஒரு பல்லிலும் சேர்த்து வைத்தால் ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே இடைவெளி தெரிய வேண்டும். தெரியாமல் செயின் சாய்ந்தால் பள்ளம் அகன்றுவிட்டது, பார் போய்விட்டது என்று அர்த்தம். நுனியில் உள்ள சிறு சக்கரம் விரலால் தள்ளினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். பாரைத் திருப்பி, மேல்பக்கம் கீழாக மாட்டினோம். ஒவ்வொரு முறை பல் தீட்டும்போதும் இப்படித் திருப்பினால் இரண்டு ஓரமும் சமமாகத் தேயும்.

பல்

செயினில்தான் ஆபத்தான விஷயம் இருந்தது. தென்னையில் எலி ஏறாமல் இருக்க அடிக்கும் தகடு, அதை மாட்டிய ஆணி, பழைய வேலிக் கம்பி எல்லாம் தண்டில் புதைந்திருக்கும். இந்தச் செயினின் வலது பற்களில் நாலு ஒன்றடுத்து ஒன்றாக முனை மடங்கியிருந்தன. யாரோ அந்த நாலை மட்டும் குறைத்துத் தீட்டியிருக்கிறார்கள். வலது பற்களில் குறைந்த நீளம் 6 மி.மீ., இடது பற்கள் 7.5 மி.மீ. அப்படி இருந்தால் வெட்டு நேராக இறங்காமல் ஒரு பக்கம் வளையும். வளைந்த வெட்டில் பார் சிக்கும்.

அதோடு, "கடிக்க மாட்டேங்குது" என்று ஆழ அளவிகளை, அதாவது ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு கூம்பை, கண் அளவாக அராவியிருந்தார்கள். வெட்டும் பல்லின் உச்சிக்கும் இந்தக் கூம்புக்கும் நடுவே உள்ள உயர வித்தியாசம்தான் ஒவ்வொரு பல்லும் எவ்வளவு மரத்தைக் கடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. 0.325 செயினுக்கு அது 0.65 மி.மீ. இதில் பல இடங்களில் 1 மி.மீ. இருந்தது. பல் தாங்க முடியாத அளவு கடிக்கும். ரம்பம் இழுக்கும், அதிரும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும். இவற்றைவிட மோசமானது கிக்பேக். பார் நுனியின் மேல் கால்வட்டம் ஏதாவது ஒன்றில் தட்டினால் ரம்பம் துள்ளி ஓட்டுபவரின் கழுத்தையும் முகத்தையும் நோக்கி எழும்பும். செயின் வினாடிக்கு சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும், மனிதக் கை அதற்குள் எதுவும் செய்ய முடியாது. ஆழ அளவி தாழ்ந்த செயினில் இந்தத் துள்ளல் சுலபமாகவும் பலமாகவும் வரும்.

தாழ்ந்த ஆழ அளவியை உயர்த்த முடியாது. பல்லின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்திருப்பதால், பல்லைப் பின்னுக்கு அராவினால் உச்சி தாழ்ந்து வித்தியாசம் குறையும். ஆனால் 1 மி.மீ.யை 0.65 ஆக்க இரண்டு மூன்று மி.மீ. அராவ வேண்டும். 6 மி.மீ. பல் 4 மி.மீ. என்ற கடைசி வரம்புக்கே வந்துவிடும், அல்லது அதற்கும் கீழே போகும். வரம்புக்குக் கீழே பல் உடைந்து பறக்கலாம். ஆகவே இந்தச் செயின் கழிக்கப்பட்டது. புதுச் செயின், புது ஸ்ப்ராக்கெட், பழைய பார் என்று முடிவானது. புதுச் செயினை மாட்டும் முன் ஆயிலில் ஊறப்போட்டோம். ரிவெட்டுகளுக்குள் ஆயில் இறங்கினால் ஆரம்பத் தேய்மானம் குறையும்.

இனி இந்தச் செயினைத் தீட்ட 4.8 மி.மீ. உருண்டை அரம். மேல்தகட்டின் கோணம் 30 டிகிரி. செயின் பெட்டியில் வேறு கோணம் போட்டிருந்தால் அதுதான் சரி. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் உச்சிக்கு மேலே தெரிய வேண்டும். அரத்தை உள்ளிருந்து வெளியே, முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. ஆழ அளவியை வழிகாட்டித் தகடு இல்லாமல் தொடவே கூடாது. தென்னையோ பனையோ அறுக்கும் நாளில், ரம்பத்துக்குப் பெட்ரோல் ஊற்ற நிறுத்தும்போதெல்லாம் பல்லைப் பார்ப்பது நல்லது. அறுக்கும்போது துருவலாக விழாமல் மாவாகத் தூள் விழுந்தால் பல் மழுங்கிவிட்டது.

டைட் வைத்தல்

பாரை மாட்டும்போது டைட் ஸ்க்ரூவோடு நகரும் சிறு முளை பாரின் துளைக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உட்காராமல் மூடியை இறுக்கினால் முளை வளையும், மூடியும் விரியும். பாரின் மேல்பக்கத்தில் ஓடும் பற்களின் வெட்டும் முனை நுனியை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டு "புதுச் செயின் அறுக்கவே இல்லை" என்று வருபவர்கள் குறைவில்லை.

நட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, பார் நுனியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இந்த ஒரு அசைவைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். போல்ட்டுக்கும் பாரின் நீள்துளைக்கும் நடுவே சிறிது ஆட்டம் இருக்கும். நுனி தொங்கிய நிலையில் நட்டை இறுக்கினால், அறுக்கத் தொடங்கியதும் மரம் நுனியை மேலே தள்ளும், வைத்த டைட் போய்விடும். நுனியைத் தூக்கியபடியே ஸ்க்ரூவை வலப்பக்கம் மெதுவாகத் திருக வேண்டும். பாரின் அடியில் தொங்கிய செயின் ஏறிவந்து ஓரத்தைத் தொட்டதும் நிறுத்தி, நுனியை விடாமல் இரண்டு நட்டுகளையும் ஸ்பேனரால் இறுக்க வேண்டும்.

பிறகு இரண்டு சோதனை. பிரேக் விடுவித்த நிலையில், கையுறையோடு செயினைப் பாரின் மேல் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். பாரின் நடுவில் செயினை மேலே தூக்கினால் டிரைவ் லிங்க்குகள் எழும்பலாம்; ஆனால் அவற்றின் முனை பள்ளத்தை விட்டு வெளியே வரக்கூடாது. இரண்டும் ஒருங்கே நிறைவேற வேண்டும். ஓடுகிறது, ஆனால் முனை வெளியே வருகிறது என்றால் தளர்வு. முனை வரவில்லை, ஆனால் ஓடவில்லை என்றால் இறுக்கம்.

புதுச் செயினை இரண்டு மூன்று நிமிடம் மிதமான வேகத்தில் சும்மா ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு மறுபடி பார்த்தோம். கொஞ்சம் தளர்ந்திருந்தது, புதுச் செயினில் அது இயல்பு. முதல் அரை மணி நேர வேலையில் இரண்டு மூன்று முறை பார்த்தால் பிறகு நிலைத்துவிடும். வேலை நடுவில் சூட்டில் இறுக்க வேண்டிவந்தால் இறுக்கலாம், ஆனால் ரம்பத்தை ஓய்வாக வைக்கும் முன் தளர்த்தியாக வேண்டும்.

பிரேக்

நாரும் ஆயிலும் படிந்த பிரேக் பட்டை வழுக்கும். இந்த ரம்பத்தில் பிரேக்கைப் போட்டுச் செயினை இழுத்தபோது, டைட்டைத் தளர்த்திய பின், மூடியைக் கழற்றுவதற்கு முன்பு, ஒரு பல் அளவு நகர்ந்தது. செயின் இறுகிப்போய் அசையாமல் இருந்ததால் அது பிரேக்கின் பிடி என்று தவறாக நினைக்கத் தோன்றும். டைட்டைத் தளர்த்திய பிறகு பார்த்தபோதுதான் வழுக்கல் தெரிந்தது. பட்டையைத் துடைத்து, மிக மெலிந்த இடத்தில் அளந்தோம்: 0.9 மி.மீ. 0.6 மி.மீ.க்குக் குறைந்தால் பட்டையை மாற்ற வேண்டும்.

பிரேக்கை மூன்று விதமாகச் சோதிக்க வேண்டும். முதலில் இன்ஜின் நிறுத்திய நிலையில் காப்பை முன்னால் தள்ளினால் 'டக்' என்று விழ வேண்டும், செயின் கையால் இழுத்தும் நகரக் கூடாது. இரண்டாவது, தானாக விழும் சோதனை. இன்ஜின் நிறுத்தியே, ரம்பத்தை ஒரு மரக்கட்டைக்கு மேல் 35 செ.மீ. உயரத்தில் பிடித்து, முன்கைப்பிடியை விட்டுவிட்டு, பின்கைப்பிடியை மட்டும் பிடித்தபடி பார் நுனி கட்டையின் மேல் விழ விட வேண்டும். விழுந்த அதிர்ச்சியில் பிரேக் தானாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. செயின் தரையைத் தொடாமல், இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, முழு வேகம் கொடுத்து, பிடியை விடாமல் இடது மணிக்கட்டால் காப்பை முன்னால் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். உடனே ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். பிரேக் போட்டபடி வேகம் கொடுத்தால் கிளட்ச் எரியும்.

ஸ்டார்ட் செய்ததும்

ரம்பத்தைத் தரையில் வைத்து, பிரேக் போட்டு, இடது கையால் முன்கைப்பிடியை அழுத்தி, வலது பாதத்தைப் பின்கைப்பிடியின் வளையத்துக்குள் ஊன்றி, கயிற்றை இழுக்க வேண்டும். காற்றில் தொங்கவிட்டு இழுப்பது சாமர்த்தியம் போலத் தெரியலாம். தொடையில் வெட்டு விழுவது அந்தப் பழக்கத்தால்தான்.

ஐட்லிங்கில், பிரேக் விடுவித்த நிலையில், செயின் சுற்றவே கூடாது. இதில் மெதுவாக நகர்ந்தது. ஐட்லிங் ஸ்க்ரூவைச் செயின் நிற்கும் வரை இடப்பக்கம் திருப்பி, மேலும் கால் சுற்று கொடுத்ததும் நின்றது. இன்ஜின் அணையும் அளவுக்கு வேகத்தைக் குறைத்தும் செயின் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கும். அந்த ரம்பத்தை ஓட்டக் கூடாது. கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான 'ஹெச்' ஸ்க்ரூவைக் காதால் கேட்டுத் திருகுவதும் வேண்டாம். பெட்ரோல் வரத்து குறைந்தால் அதில் கலந்த ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கைப்பிடியின் மேல் உள்ள பூட்டை அழுத்தாமல் ஆக்சிலேட்டர் அசையக் கூடாது. விட்டால் இரண்டும் தானாகத் திரும்ப வேண்டும். ஸ்டாப் சுவிட்ச் போட்டதும் இன்ஜின் அணைய வேண்டும். பாருக்கு அடியில் இருக்கும் செயின் பிடிப்பான், அறுந்த செயின் வலது கையை நோக்கி வராமல் தடுப்பது, உடைந்திருந்தது. இருபது முப்பது ரூபாய் பொருளாகத் தோன்றும் இந்தச் சிறு துண்டை மாற்றாமல் ரம்பத்தைக் கொடுக்கவில்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பர்களில் கிழிசல் இல்லை.

பெட்ரோலில் நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயில் 1:50, அதாவது லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் டப்பாவிலோ இயந்திரக் கையேட்டிலோ 1:25 என்று போட்டிருந்தால் 40 மி.லி. பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் ரப்பர் படலத்தையும் கெடுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திருக்கக் கூடாது.

தோப்பில்

கைலியோடு ரம்பம் பிடிப்பதை அனுமதிக்கவே கூடாது. செயின்சா வேலைக்கான காப்புக் கால்சட்டை வேண்டும்; அதன் உள்ளே இருக்கும் நீண்ட இழைகள் செயினில் இழுபட்டு ஸ்ப்ராக்கெட்டை அடைத்து நிறுத்திவிடும். இத்தகைய காப்பு உடைகளுக்கான ஐஎஸ்ஓ 11393 தரத்தில் 1-ஆம் வகுப்பு 20 மீ/வி வேகச் செயினுக்குச் சோதிக்கப்பட்டது. முகத் திரையோடு ஹெல்மெட், காது மூடி, முனைக்காப்புள்ள பூட்ஸ் ஆகியவையும் வேண்டும். இடது கட்டைவிரல் முன்கைப்பிடியை முழுக்கச் சுற்றியிருக்க வேண்டும். விரலை மேலே வைத்துப் பிடித்தால் துள்ளலில் பிடி கழன்றுவிடும்.

விழுந்த தென்னைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் பார் நுனி பின்னால் மறைந்த தண்டில் தட்டுவதுதான் கிக்பேக்குக்கு வழக்கமான வழி. அறுக்கும் முன் மட்டையையும் ஓலையையும் விலக்கி, நுனி எங்கே வெளிவரும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எலித் தகடு, ஆணி இருக்கும் பகுதியைச் சுண்ணாம்பால் குறித்துவிட்டு ஓர் அடி தள்ளி அறுக்கலாம். சேறு அப்பிய தண்டைக் கழுவாமல் அறுத்தால் காலையில் தீட்டிய பல் பத்து வெட்டுக்குத் தாங்காது.

திருத்திய பிறகு ரம்பம் ஆறு தண்டுகளை அறுத்தது. இடையில் ஒரே ஒரு முறை, புதுச் செயினின் இயல்பான நீட்சிக்காக, டைட் வைக்க வேண்டியிருந்தது. ஓட்டுபவருக்குக் கொடுத்த குறிப்பில் இருந்தவை: பெட்ரோல் ஊற்றும் ஒவ்வொரு முறையும் ஆயிலும் ஊற்றுதல்; நாளுக்கு இரண்டு முறை மூடியைக் கழற்றி நாரை எடுத்தல்; வேலை முடிந்ததும் செயினைத் தளர்த்துதல்; அடுத்த செயினும் தேய்ந்து முடியும்போது இந்த ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுதல்.